பீரோவில் தூங்கும் பேனாக்கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?

காரைக்கால் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 46, பள்ளி ஆசிரியர். அவருடைய பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘சொல்தா வீடு’ (சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்) என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்களாம். 1970-களில் பிரான்சில் வாங்கிய தன்னுடைய மடக்குக் கத்தியை 2009-ல் அவர் இவரிடம் கொடுத்தார். லயோல் என்ற பிரெஞ்சு ஊரின் பெயரில் வழங்கும் வகைக் கத்தி. மெல்லிதாக வளைந்த பிடி, முதுகுப் பட்டையில் சின்னதாக ஒரு தேனீ, பிடியில் புள்ளிகளால் பதித்த சிலுவை. மடக்கினால் 12 செ.மீ., அலகு 10 செ.மீ. சும்மா கொடுக்காமல் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வாங்கிக்கொண்டு கொடுத்தாராம்.

இரண்டு வருடங்களுக்கு முன் பெரியப்பா தவறிவிட்டார். கத்தி தோலுறையோடு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். தென்னந்தோப்புக்குப் போனால் பையில் இருப்பது 30 ரூபாய் பிளாஸ்டிக் பிடிக் கத்திதான். “வெட்டாத கத்திக்கு எதுக்கு இத்தனை மரியாதை?” என்று மனைவி கேட்கிறார்.

அவர் கேட்பவை இவை. இதை தினமும் பையில் வைத்துக்கொள்ள ஆசை, ஆனால் 3 அங்குலத்துக்கு மேல் அலகு இருந்தால் ஆயுதச் சட்டத்தில் பிடிப்பார்கள் என்று நண்பர் சொல்கிறார், உண்மையா? பிடி யானைத் தந்தம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அதைப் புழங்கினால் வீணாகிவிடாதா? வரும் கோடையில் பாரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் போகிறோம், எடுத்துப் போகலாமா? 15 வயது மகனிடம் இப்போதே கொடுத்துவிடலாமா? நடுவில் ஒரு வரி: “ராத்திரி தோப்பிலிருந்து தனியாக வரும்போது ஒரு தற்காப்பாகவும் இருக்கும்.”

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டிய இரண்டு இடங்களைச் சாதாரணமாகக் கடந்து போயிருக்கிறீர்கள். அந்த இரண்டில் ஒன்று, நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்தத் தந்தப் பிடி. இன்னொன்று தற்காப்பு என்ற அந்த ஒற்றைச் சொல்.

அந்த 3 அங்குலம் எங்கிருந்து வந்தது

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. வேறு இடத்துச் சட்டத்தைக் காரைக்காலுக்குக் கொண்டுவந்துவிட்டார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் உள்ள 2016-ஆம் ஆண்டு விதிகளும் கத்தி விஷயத்தில் சொல்லும் அளவு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலம். அதற்கு மேற்பட்ட அலகுள்ள கத்திதான் அந்தப் பட்டியலில் வருகிறது. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் நம் வீட்டு அரிவாள்மனைக்கும் தேங்காய் வெட்டும் அரிவாளுக்கும் யாரும் லைசென்ஸ் வாங்குவதில்லை. உங்கள் கத்தியின் அலகு 4 அங்குலத்தைத் தொடவில்லை.

3 அங்குலம் என்பது 7.62 செ.மீ. இந்த எண் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று டெல்லி. 1980-ல் அங்கே போட்ட ஓர் அறிவிக்கை, பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் கத்தி, பல்சக்கரக் கத்தி, வேறு இயந்திர அமைப்பால் திறக்கும் கத்தி ஆகியவற்றில் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே குற்றம் என்கிறது. டெல்லி நீதிமன்றங்களில் இந்தக் கத்தி வழக்குகள் குவிந்து கிடக்கும். அந்தச் செய்திகளை இணையத்தில் படிக்கிறவர்கள் இந்தியா முழுவதற்கும் அதுதான் சட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னொன்று இங்கிலாந்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கத்தி நகத்தால் பள்ளத்தைப் பிடித்து இழுத்தால்தான் திறக்கும். பூட்டு கிடையாது, முதுகுப் பட்டையின் அழுத்தம் மட்டும்தான். காரைக்காலில் அதைப் பையில் வைத்திருப்பது குற்றம் இல்லை. டெல்லிக்குப் போனால் மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ‘வேறு இயந்திர அமைப்பு’ என்ற சொல் அகலமானது. உங்கள் கத்தி அதில் வராது என்று வாதாடி ஜெயிக்கலாம், ஆனால் அந்த வாதத்துக்காக நீங்கள் டெல்லிக்கு எத்தனை முறை ரயில் ஏறுவது?

தற்காப்பு என்று சொல்லாதீர்கள், நினைக்கவும் வேண்டாம்

ஆயுதம் எது என்று சட்டம் சொல்லும்போது, தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ வடிவமைத்த, அல்லது அதற்காக மாற்றியமைத்த பொருள் என்கிறது. கவனியுங்கள், தற்காப்பும் அதில் இருக்கிறது. மாம்பழம் வெட்ட வைத்திருக்கும் கத்தி ஒரு கருவி. “யாராவது வந்தால் பார்த்துக்கொள்ள” என்று அதே கத்தியை வைத்திருப்பவர், இரவு வாகனச் சோதனையில் தன் வாயாலேயே அதை ஆயுதமாக்கிக் கொடுத்துவிடுகிறார்.

உயிருக்கு ஆபத்து வந்தால் தற்காத்துக்கொள்ளும் உரிமை, பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. ஆனால் வந்த ஆபத்தின் அளவுக்கு மீறியதா இல்லையா என்று எடைபோடுவது நீதிமன்றம். அதுவரை உங்கள் மேல் இருப்பது ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்திய வழக்கு. 118-ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. குற்ற வழக்குகளிலேயே என் காலம் போயிருக்கிறது. கைகலப்பில் கத்தியை எடுத்து நிம்மதியாக வீட்டுக்குப் போன ஒரு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. இன்னொரு விஷயம், பூட்டில்லாத கத்தி குத்தும்போது மடங்கி, பிடித்தவரின் விரல்களைத்தான் முதலில் வெட்டும். இரவு தோப்புக்கு நல்ல டார்ச் ஒன்றும், சார்ஜ் உள்ள போனும், முடிந்தால் கூட ஓர் ஆளும் வேண்டும்.

போலீஸ் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: பெரியப்பா கொடுத்தது, இளநீருக்கும் பழத்துக்கும் கயிறு அறுக்கவும் வைத்திருக்கிறேன். கையில் எடுத்துத் திறந்து காட்டாதீர்கள்; எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், அவர்களே எடுக்கட்டும். கைப்பற்றினால் மகஜர், அதாவது எதைக் கைப்பற்றினார்கள் என்ற எழுத்துப் பதிவு, கேளுங்கள். இப்போது அமலில் இருக்கும் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 105-ஆம் பிரிவின்படி கைப்பற்றுவதை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். மகஜரில் ‘கத்தி 1’ என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேனீ, சிலுவை, நீளம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பிறகு நடுவர் மன்றத்தில் மனுப் போட்டு அதே கத்தியைத் திரும்ப வாங்க அந்த ஒரு வரிதான் உதவும்.

தேர்தல் நேரத்திலும் கலவர நேரத்திலும் அதே சட்டத்தின் 163-ஆம் பிரிவில் தடையாணை போடுவார்கள். பழைய 144 தான். அந்த நாட்களில் பீரோவே சரி.

பிடி தந்தமா, எலும்பா?

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி இதுதான். யானைத் தந்தம் என்றால் விலை கூடும் என்று நினைக்கிறீர்கள். இந்தியாவில் அதற்கு விலையே கிடையாது, விற்கவே முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 1986-ல் செய்த திருத்தம் இந்தியத் தந்த வியாபாரத்தை நிறுத்தியது. 1991-ல் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடை வந்தது. 2003-ல் வந்த திருத்தம்தான் உங்களைத் தொடுகிறது. உரிமைச் சான்றிதழ் இல்லாதவர் இப்படிப்பட்ட பொருளை வாரிசுரிமையாகத் தவிர வேறு எந்த வழியிலும் பெறக் கூடாது. வாரிசாகப் பெற்றாலும் 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவித்துவிட வேண்டும்.

உங்கள் பெரியப்பா உயிரோடு இருக்கும்போதே, 2009-ல், ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார். கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துவிடும், அதனால் ஒரு காசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது பிரான்சில் உள்ள வழக்கம். நம் வீடுகளிலும் கத்தியைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கச் சொல்வார்களே, அதுபோலத்தான். பாசத்தோடு செய்தது. ஆனால் பிடி உண்மையிலேயே தந்தமாக இருந்தால், அந்த ஒரு ரூபாய் இதை வாரிசுச் சொத்து என்று சொல்ல விடாது.

இப்போது நிம்மதியான செய்தி. பிடியில் ‘பூனை முடி போல மெல்லிய கறுப்புக் கீற்றுகளும், நுனியில் ஊசி குத்தியது போலப் புள்ளிகளும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இவை பெரும்பாலும் எலும்பின் அடையாளங்கள். எலும்புக்குள் ரத்தக் குழாய் ஓடிய நுண்துளைகளில் வருடக்கணக்கில் அழுக்கு ஏறி அப்படித் தெரியும். தந்தத்தை வெட்டிய முகப்பில் அப்படி இருக்காது. ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் வளைகோடுகள் சிக்குக் கோலம் போலப் பின்னிக் கிடக்கும். பகல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து, பிடியின் நுனியைப் பாருங்கள். லயோல் கத்திகளுக்கு மாட்டுக் கொம்பு, எலும்பு, மரம் ஆகியவற்றில் பிடி போடுவது சாதாரணம். எலும்புப் பிடியைத் தந்தம் என்று சொல்லி விற்றதும் உலகம் முழுக்க நடந்ததுதான். பெரியப்பாவிடம் கடைக்காரர் சொன்னதை அவர் நம்பியிருக்கலாம்.

சிலர் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், பிடியில் தழும்புதான் மிஞ்சும். லென்ஸில் கோலம் மாதிரி தெரிந்தால், கத்தியை எங்கும் எடுத்துப் போகாமல், படத்தைப் பொதுவெளியில் போடாமல், முதலில் உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அறிவியல் முறையில் உறுதி செய்ய டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தில் வசதி இருக்கிறது. இது தெளியும் வரை வெளிநாட்டுப் பயணத்தில் இந்தக் கத்தி வேண்டவே வேண்டாம்.

நெப்போலியன் அந்த ஊர்க்காரர்களின் வீரத்தை மெச்சித் தேனீ முத்திரையைக் கொடுத்தார் என்றும் எழுதியிருந்தீர்கள். அழகான கதை. ஆனால் லயோல் கத்தி பிறந்ததே 1829 வாக்கில். நெப்போலியன் 1821-லேயே இறந்துவிட்டார். லயோல் என்பது தெற்கு பிரான்சின் அவேரோன் பகுதியில் ஒரு சிற்றூர். பெரும்பாலான கத்திகள் அங்கிருந்து தள்ளி, தியேர் என்ற ஊரில் செய்யப்படுபவை. அந்தப் பெயர் நெடுங்காலம் யாருக்கும் தனிச் சொத்தாக இல்லாததால், தேனீ இருப்பதை மட்டும் வைத்து மதிப்புப் போட முடியாது. சிலுவைக்கு மட்டும் எனக்குப் பிடித்த ஒரு விளக்கம் உண்டு. மலையில் ஆடு மேய்த்தவர்கள் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி, அந்தச் சிலுவையைப் பார்த்து ஜெபம் செய்வார்களாம்.

பூட்டி வைத்தால் பத்திரமா?

இதில் உங்கள் மனைவி பக்கம்தான் நான் நிற்கிறேன். அலகின் அடியில் மிளகு அளவு துரு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் நீங்கள் அதைப் பயன்படுத்தியது கிடையாது. காரைக்கால் உப்புக் காற்றில், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தோலுறைக்குள், 15 வருடத்துக்கு மேலாக அது மூச்சு முட்டிக் கிடக்கிறது. தோல் பதனிடும் ரசாயனமும் இரும்புக்கு ஆகாது. தினம் பழம் வெட்டித் துடைத்து வைத்திருந்தால் அந்தத் துரு வந்திருக்காது. எலுமிச்சை, மாங்காய் பட்டால் அலகு லேசாகக் கருநீலமாகும். அது கறை, துரு கிடையாது. பழைய எஃகுக்கு அது ஒரு காப்பும்கூட.

நான் ஜூனியராகச் சேர்ந்த அலுவலகத்தில் எங்கள் சீனியர் மேஜையில் ஒரு பேனாக்கத்தி இருக்கும். இறகுப் பேனா சீவிய காலத்துப் பெயர், இன்னும் நம் வாயில் இருக்கிறது. காலையில் வந்ததும் கேஸ் கட்டு நூலை அதனால்தான் அறுப்பார். பென்சில் சீவுவார். 11 மணிக்குக் கொய்யாப்பழத்தை நான்காக வெட்டி எங்களுக்கும் ஒரு துண்டு நீட்டுவார். வேட்டி நுனியில் அலகைத் துடைத்து, கட்டைவிரலால் முதுகைத் தாங்கி, சத்தமே வராமல் மடக்குவார். அந்த மடக்கும் விதத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும். லயோல் கத்தியைப் ‘பட்’டென்று மூடினால் கூர்முனை உள்ளே இருக்கும் பட்டையில் மோதி மழுங்கும். விரல் காவலோடு மெதுவாக இறக்குங்கள்.

வேறு சில. மூட்டில் மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்துவிடும். பிடியைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள், எலும்பு வெடிக்கும். தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருபவர் நல்லவர்தான், ஆனால் சக்கரச் சூட்டில் இந்த மெல்லிய அலகின் பதம் போய்விடும். வீட்டில் நைசான சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து நீங்களே தேயுங்கள், பத்து தேய்ப்பு போதும்.

தினமும் சட்டைப்பையில் வைப்பதா என்றால், என் யோசனை இப்படி. லென்ஸ் பரிசோதனை முடிந்து எலும்புதான் என்று தெரிந்த பிறகு, முதல் மூன்று மாதம் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இருக்கட்டும். பிறகு தோப்புக்கு எடுத்துப் போங்கள். பள்ளிக்கு வேண்டாம், நீங்கள் ஆசிரியர், சட்டம் என்ன சொன்னாலும் பெற்றோர் ஒருவர் பார்த்தால் பேச்சாகிவிடும். கோர்ட், மெட்ரோ, மால், விமான நிலையம், அரசியல் கூட்டம் எதற்கும் வேண்டாம். இப்படிப்பட்ட கத்திகள் திருடு போவதைவிடப் பாதுகாப்புச் சோதனைத் தட்டில் விட்டுப் போவதுதான் அதிகம். என்னுடைய நல்ல கத்தி ஒன்று அப்படித்தான் ஒரு விமான நிலையத்தில் போயிற்று. திரும்பிப் போய்ப் பெட்டியில் போட நேரமில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. அந்த மாதிரி நாட்களுக்கு உங்கள் 30 ரூபாய்க் கத்தியே போதும்.

பாரிஸும் லண்டனும்

எலும்பு என்று உறுதியானால் விமானத்தில் செக்-இன் பெட்டியில் சுற்றி வைத்துக் கொண்டுபோகலாம். கைப்பையில் கூடவே கூடாது. பிரான்சில் கத்தி வைத்திருப்பது தவறில்லை, நியாயமான காரணம் இல்லாமல் தெருவில் கொண்டு திரிவது குற்றம். “எங்கள் பாரம்பரியக் கத்தி” என்பது மட்டுமே காரணமாகாது. பூங்காவில் சாப்பாட்டுக் கூடையோடு இருப்பது வேறு, மெட்ரோ ரயிலில் பையில் இருப்பது வேறு. லண்டனுக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கே 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி பூட்டில்லாத மடக்குக் கத்தி 3 அங்குலம் வரைதான் காரணம் கேட்காமல் விடுவார்கள். உங்களுடையது அதைத் தாண்டுகிறது. அக்கா வீட்டுச் சமையலறை டிராயரில் விட்டுவிட்டுப் போய், திரும்பும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

மகன் விஷயம். 15 வயதில் அவன் பெயருக்கு மாற்ற எந்தக் காகிதமும் தேவையில்லை, அவசரமும் இல்லை. பள்ளிப் பைக்குள் போகக் கூடாது என்பதை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மாம்பழம் வெட்டும்போது பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். துடைப்பதும் மெதுவாக மடக்குவதும் அவன் வேலையாக இருக்கட்டும். பிடியின் நுனியை லென்ஸில் பார்க்கும்போதும் அவனைக் கூப்பிடுங்கள், அவன் கண் உங்கள் கண்ணைவிடக் கூர்மையாக இருக்கும். என்ன தெரிந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.